டாப் கியரில் போன தாமிரபரணி

என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் மற்றவர்களிடம் விட்டால் பாதியை விட்டுவிடுகிறார்கள். அதனால் வேறு வழியில்லாமல் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. (முழு ஐந்தாம் வகுப்பு இல்லை. காலாண்டுப் பரீட்சை வரை.) வாடகை சைக்கிளில் நாலு அண்டாவைக் கட்டிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்தவன், இன்றைக்கு வண்ணார்பேட்டையில் மாடி வைத்த பாத்திர வாடகைக் கடைக்கு முதலாளி. ஆயிரம் பேர் பந்திக்கு வேண்டிய சாமானை, சாம்பார் கரண்டி வரைக்கும், சொன்ன நேரத்துக்கு இறக்குவேன். திருநெல்வேலி டவுணில் பாதிப் பேர் என் அண்டாவில் வடித்த சோற்றைப் போட்டுத்தான் கல்யாணம் முடித்தவர்கள். அவர்களுக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

இத்தனைக்கும் மூலதனம் என் காது. வாடகைக்குப் போய்த் திரும்பி வருகிற பாத்திரத்தை நான் கண்ணால் பார்க்க மாட்டேன். விரலால் ஒரு சுண்டு. 'ணங்' என்று நின்று ஒலித்தால் நல்ல பாத்திரம். 'டொக்' என்று செத்துப்போனால் எங்கோ கீறல். கீறல் எந்தப் பக்கம், யார் வீட்டுக் கல்யாணத்தில் விழுந்தது என்பது வரை சொல்லிவிடுவேன். (யார் வீடு என்பதில் ஒன்றிரண்டு தடவை தப்பியிருக்கிறது. அடிதடி ஆகவில்லை, விட்டுவிடுங்கள்.)

இப்படி ஒரு காது வாய்த்தவன் மோட்டார் வண்டிப் பக்கம் போயிருக்கக் கூடாது. போனேன்.

கடைக்கென்று ஒரு சின்ன பிக்கப் வாங்கியிருந்தேன். ஏற்கெனவே ரெண்டு பேர் ஓட்டிக் களைத்த பெட்ரோல் வண்டி. அதற்கு மூக்கே கிடையாது. இன்ஜின், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால்தான் அதன் முகத்தைப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு இட்லிப் பானைக்குள் இருக்கிற இட்லியின் கஷ்டம் புரியும்.

டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. டிரைவர்களுக்குப் பெட்ரோல் சிக்கனம் தெரியாது, எதற்கெடுத்தாலும் கியரைப் போட்டு ஆட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பது என் எண்ணம். நான் அப்படி இல்லை. வண்டி உருள ஆரம்பித்ததும் மளமளவென்று டாப் கியருக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு மேடு வந்தாலும், மாடு வந்தாலும், முன்னால் டவுன் பஸ் ஊர்ந்தாலும் கியர் பக்கம் கை போகாது. வண்டி கொஞ்சம் குலுங்கும், முனகும். பாரம் ஏற்றினால் முனகாத ஜீவன் எது? வண்ணார்பேட்டையில் டாப்பில் போட்டால் வள்ளியூரில்தான் எடுப்பேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர்கள் சிரித்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படிச் சிக்கனமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது.

ஒரு கல்யாணத்துக்கு அண்டாக்களை ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறுகிறேன். ஆக்சிலேட்டரை மிதித்ததும் 'கிணிகிணிகிணி' என்றது. தகர டப்பாவுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்கினால் கேட்குமே, அப்படி. காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், வந்தது. பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கும்போது சத்தமே இல்லை.

எனக்குச் சந்தேகம் இல்லை. பாத்திரச் சத்தம். ஏதோ ஒரு அண்டாவுக்குள் கரண்டி உருளுகிறது. கல்யாண வீட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஓட்டி வந்தேன். சத்தம் இல்லை. முடிந்தது விவகாரம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ரெண்டு நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அதே பாலத்தில் ஏறினேன். கிணிகிணிகிணி.

அரிசிக்கு வாய் கிடையாது. ஆக, வண்டிதான்.

வண்டியை என் முறைப்படி சோதித்தேன். சீட்டைத் தூக்கி இன்ஜினை விரலால் சுண்டினேன். ரேடியேட்டரைச் சுண்டினேன். பெட்ரோல் டேங்க்கைச் சுண்டினேன். நாலு சக்கரத்தையும் சுண்டினேன். எல்லாம் நல்ல பாத்திரமாகத்தான் இருந்தது. விரல்தான் வீங்கியது. வேறு வழியில்லாமல் மெக்கானிக் துரைப்பாண்டியிடம் கொண்டுபோய் விட்டேன்.

துரைப்பாண்டிக்கு ஊர் பாளையங்கோட்டை. வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல மனுஷன். நான் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். நன்றாகச் செய்வேன். பட்டறையில் இருந்தவர்கள் இன்னொரு தடவை கேட்டார்கள்.

"அண்ணாச்சி, இது இன்ஜின் தட்டுத சத்தம்" என்றான்.

"எதத் தட்டுது?"

"தன்னயே தட்டுது. பிஸ்டன் மேல ஏறி முடிக்கதுக்கு முந்தியே உள்ள பெட்ரோல் வெடிச்சிருது. ஒங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லுதேன். கீழ நின்னு ஒருத்தன் அண்டாவத் தூக்குதான். அவன் தூக்கி முடிக்கதுக்குள்ள மேல நிக்கவன் அதப் புடிச்சு கீழ அமுக்குதான். கீழ நிக்கவன் என்ன செய்வான்?"

"ஏசுவான்."

"அந்த ஏச்சுதான் இது."

இப்படிச் சொன்னால் எனக்குப் புரியாதா. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு நல்ல பெட்ரோல் ஊற்றினான். பிளக்கை மாற்றினான். இன்ஜின் தலையைக் கழற்றி உள்ளே தோசைக்கல் மாதிரிப் படிந்திருந்த கரியைச் சுரண்டினான். கடைசியாக, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் என்ற குமிழின் போல்ட்டைத் தளர்த்தி, அதைக் கடுகளவு திருப்பி, முறுக்கினான். இதற்குப் பெயர் டைமிங். திருப்பின இடம் மாறாமல் இருக்கக் குமிழிலும் இன்ஜினிலும் நேருக்கு நேராக வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். இதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம். எதையாவது ஒரு தடவை பார்த்துவிட்டால் எனக்கு அது வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பின்னால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு துரைப்பாண்டி மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சத்தமே இல்லை என்றான். மறுநாள் அதே பாரத்தோடு நான் ஏறினேன். கிணிகிணிகிணி.

திரும்பப் போனேன். திரும்ப அவன் ஓட்டினான். சத்தம் இல்லை. நான் ஓட்டினால் உண்டு.

"அண்ணாச்சி, ஒங்க ஓட்டுலதான் என்னமோ இருக்கு. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கேன்" என்றான்.

"ஒனக்குக் கூலியும் குடுத்து ஊரும் சுத்திக் காட்டணுமாலே?"

"சரி, எந்த கியர்ல ஏறுதீய, அதயாவது சொல்லுங்க."

"நீ பொறக்கதுக்கு முந்தியே வண்டி ஓட்டுனவன்லே நான்" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். (பொய். அப்போது சைக்கிள்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் கியர் இல்லை.)

இந்தச் சமயத்தில்தான் என் மகள் செல்விக்கு வள்ளியூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம். சம்பந்தி உரக்கடை வைத்திருக்கிறார், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார். மிச்ச ஒன்பதையும் பேசுவது சம்பந்தியம்மா கோமதி டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் நானும் டீச்சர் என்றே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து போட வேண்டும். தேங்காய்ப்பாலில் முருங்கைக்காய், பீன்ஸ், கேரட் எல்லாம் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கூட இஞ்சித் துவையல் வைத்து. தாலி கட்டியது எந்த நேரத்தில் என்பதைக் கூட மறந்துவிடுவார்கள். சொதி எப்படி இருந்தது என்பதை மறக்க மாட்டார்கள். சொதி சரியில்லை என்றால் அந்தப் பெண் அதைக் காலம் பூரா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கல்யாணம், சொதி இரண்டுமே வள்ளியூர் மண்டபத்தில் என்று முடிவானது. நிச்சயத்தன்று கோமதி டீச்சர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்.

"எங்க ஊர்த் தண்ணி லேசா சவர்ப்பு அண்ணாச்சி. சொதி ஒங்க பக்கம் மாதிரி வராது. கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அதோடு விட்டிருக்கலாம். சபை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆட்களைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது.

"தண்ணியப் பத்தி நீங்க ஏன் கவலப்படுதீய டீச்சர்? தாமிரபரணியவே கொண்டாந்து எறக்குதேன்" என்றேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தலையைத் தூக்கினார். "நெசமாவாவே சொல்லுதீரு?"

"எம் மக சொதி ஆத்துத் தண்ணியிலதான் கொதிக்கும். வேற தண்ணி அண்டாவுல விழாது."

சபை ஆகா என்றது. என் வீட்டுக்காரி மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் ஆகா இல்லை.

கல்யாணம் நன்றாக முடிந்தது. அன்று சாயந்திரமே நான் மட்டும் திருநெல்வேலிக்குத் திரும்பினேன். சமையல்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்: நான் தண்ணீரோடு வருகிற வரைக்கும் தேங்காய்ப்பால் பிழியக் கூடாது. அவர், எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் மதியப் பந்திக்கு நான் பொறுப்பில்லை என்றார். எட்டு மணிக்கு அங்கே பல் விளக்கிக்கொண்டிருப்பேன் என்றேன்.

விடிந்தும் விடியாமலும் குறுக்குத்துறை ஆற்றில் என் கடை ஆட்கள் குடம் குடமாக மொண்டு மூன்று பெரிய நீல டிரம்களை நிரப்பினார்கள். வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் சொதி விருந்துக்கென்று வாங்கிய பட்டு வேட்டியும் சந்தனக் கலர் சட்டையும் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஆட்கள் கை காட்ட, ஒரு நதியையே கூட்டிக்கொண்டு போகிற தோரணையில் கிளம்பினேன். ஊர் தாண்டுவதற்குள் டாப்பில் போட்டாயிற்று.

நாலுவழிச் சாலையில் முதல் பாலம் வந்தது. மிதித்தேன். இதுவரை சில்லறைச் சத்தம் கேட்ட இடத்தில் இப்போது உண்டியலையே கவிழ்த்த மாதிரிக் கேட்டது. டிரம் மூடிகள் ஆடுகின்றனவோ என்று இறங்கி, கயிற்றை இறுக்கி, மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் என் துண்டைக் கிழித்துச் செருகினேன். அடுத்த பாலத்திலும் உண்டியல் கவிழ்ந்தது. வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு, தாண்டும்போது என் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றடைப்புப் பக்கம் ஓரமாக நிறுத்தினேன். துரைப்பாண்டி திருப்பிய அந்தக் குமிழ் ஞாபகம் வந்தது. சீட்டைத் தூக்கி, போல்ட்டைத் தளர்த்தினேன். அவன் கடுகளவு திருப்பினான். அவன் சின்னப் பட்டறைக்காரன், பயந்த ஆள். நான் தாராளமாகத் திருப்பினேன். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. அவன் திருப்பும்போது நான் அவனுக்கு எதிரே நின்றிருந்தேன். இப்போது அவன் நின்ற இடத்தில் நிற்கிறேன். அன்றைக்குப் பார்த்த அதே பக்கம் திருப்பினேன்.

வண்டியைக் கிளப்பி மேட்டில் மிதித்தேன். பாத்திரக் கடை மாடிப்படியில் உருண்டு வந்தது. துரைப்பாண்டி சொன்ன அந்தக் கீழே நிற்கிறவன், ஏச்சை விட்டு அடிதடியில் இறங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சமையல்காரர் போன் செய்தார். "எங்கன வாரீய அண்ணாச்சி?"

"நாங்குநேரி தாண்டிட்டேன்" என்றேன். நாங்குநேரி எனக்கு முன்னால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"பின்னால என்ன சத்தம்? யாரும் கல்லு ஒடைக்காகளா?"

போனை வைத்துவிட்டேன்.

நாங்குநேரிக்குச் சற்று முன்னால் சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. என் பட்டு வேட்டிக்குள்ளேயே வந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். குதித்து இறங்கினேன். ரேடியேட்டர் கொதிக்கிறது. கொதிக்கிற ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் துண்டு சுற்றித் திறந்தால் ஒன்றும் செய்யாது என்று ஒரு அபிப்பிராயம் இருந்தது. துண்டுதான் கிழிந்து டிரம்மில் இருக்கிறதே. வேட்டி நுனியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். நல்லவேளை, முகத்தை விலக்கிக்கொண்டேன். துருத் தண்ணீர் மேலே எழும்பி, சந்தனக் கலர் சட்டையைக் காப்பிக் கலர் ஆக்கிவிட்டு இறங்கியது. கையில் ரெண்டு கொப்புளம்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். பொட்டல். ஒரு குழாய் இல்லை, கிணறு இல்லை. பின்னால் மட்டும் மூன்று டிரம் தாமிரபரணி. ஒரு சொம்பு மொண்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஊற்றினேன். மகள் சொதிக்கென்று கொண்டு வந்த தண்ணீரை முதலில் குடித்தது பிக்கப்.

மணி எட்டென்ன, ஒன்பதே தாண்டிவிட்டது. அங்கே தேங்காய் துருவி வைத்துக்கொண்டு என் வாய்ப்பேச்சை நம்பி ஒரு சமையல் கட்டே காத்திருக்கிறது. மதியம் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இலையில் உட்கார்ந்து சொதி எங்கே என்று கேட்பார்கள். செல்விதான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அந்த இடத்தில் மட்டும்தான், உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வந்தது.

சீட்டைத் தூக்கி வைத்து, தலையை உள்ளே விட்டு, ஒவ்வொரு பாகமாகச் சுண்டிக்கொண்டிருக்கும்போது வள்ளியூர் போகிற பஸ் ஒன்று தாண்டிப் போய், பிரேக் அடித்து நின்றது. பட்டுப்புடவை, தோளில் கைப்பை, கையில் குடையோடு ஒரு அம்மா இறங்கி நேராக என்னை நோக்கி நடந்து வந்தார்கள். கோமதி டீச்சர். அதிகாலையில் சொந்தக்காரர்களைத் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேற்றி விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். நீல டிரம்மைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்கிறது. பஸ் கிளம்பாமல் நின்று, இந்தப் பக்கத்து ஜன்னலெல்லாம் தலையாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் இங்கனயா இருக்கீய? என்ன செய்யுது வண்டி?"

"ஒண்ணுமில்ல டீச்சர். லேசா ஒரு சத்தம். இப்ப சரியாயிரும்."

"எப்ப வருது?"

"ஓட்டும்போதுதான்."

"சும்மா நிக்கும்போது?"

"இல்ல."

"எறக்கத்துல?"

"இல்ல."

"மேட்டுல மிதிச்சா மட்டும், பாரம் இருந்தா மட்டும். அப்படித்தான?"

"ஆமா" என்றேன். காலாண்டுப் பரீட்சை ஞாபகம் வந்தது.

"மேட்டுல எத்தனாவது கியர்ல ஏறுதீய?"

"டாப்."

"சமதரையில?"

"டாப்."

"ஊருக்குள்ள, கூட்டத்துல?"

"அது... டாப்தான்."

டீச்சர் குடையை மடக்கினார். "அப்பம் மத்த கியரெல்லாம் எதுக்கு வச்சிருக்கான் அண்ணாச்சி?"

"மத்த டிரைவருக்கு."

அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பில் நின்றவருக்குச் சிரிக்காமல் இருக்கத் தெரிகிறது. பஸ்ஸில்தான் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் பஸ் கிளம்பியது.

"சாவியத் தாங்க. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க" என்றார்.

ஓய்வு பெற்ற மறுமாசமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டு, சம்பந்தியின் உரக்கடை வண்டியை இவர்தான் ஓட்டுகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் கியரைப் போட்டார். மேடு வந்தது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினார். பெட்ரோல் போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வண்டி முனகாமல், தலையை ஆட்டாமல், வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி ஏறியது. பாத்திரக் கடை உருளவில்லை. லேசாக ரெண்டு சில்லறை மட்டும் குலுங்கின.

"முக்காவாசி போயிட்டு. மிச்சம் எங்கனயோ இருக்கு" என்று டீச்சர் காதைச் சாய்த்தார். "நீங்க எதயும் திருகுனீயளா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா வண்டியில?"

"லேசா... ஒரு குமிழ."

ஓரம்கட்டினார். மெக்கானிக் நம்பரைக் கேட்டு, அவரே போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாரும் என்றால் நான்தான். துரைப்பாண்டியின் குரல் வந்தது.

"அம்மா, அதுல ரெண்டு வெள்ளக் கோடு போட்ருக்கேன். ரெண்டையும் நேருக்கு நேரா வச்சு முறுக்கிருங்க, போதும். நான் சரியாத்தான் வச்சுக் குடுத்தேன். நான் ஓட்டுனா சத்தம் இல்ல, அவர் ஓட்டுனா மட்டும் வருது. எந்த கியர்னு கேட்டா ஏச்சு விழுது. அந்த ஆள மட்டும் எறக்கி விட்டுட்டா வண்டி தங்கம்மா." கொஞ்சம் நிறுத்தி, "அவர் பக்கத்துல இல்லயே?" என்றான்.

"இருக்காக" என்றார் டீச்சர்.

போன் கட்டாகிவிட்டது.

கோடுகள் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் விரல் அகலம் தள்ளி நின்றன. சேர்த்து வைத்து முறுக்கினேன். அதற்குப் பிறகு வள்ளியூர் வரை, ஏற்றத்திலும் சரி, எந்த இடத்திலும் சரி, ஒரு சத்தம் இல்லை. டீச்சரும் பேசவில்லை. அந்த அமைதிக்கு அந்தச் சத்தமே தேவலை என்று தோன்றியது.

மண்டபத்தின் பின்வாசலில் வண்டி நுழையும்போது மணி பத்தரை. டிரைவர் பக்கத்திலிருந்து பட்டுப்புடவையோடு மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். பக்கத்து சீட்டிலிருந்து, துருத் தண்ணீர்ச் சட்டையும் கிரீஸ் அப்பிய முகமுமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். பரிமாற வந்தவர்களுக்கு மேஸ்திரியாக ஒருத்தர் அங்கே நின்றிருந்தார். அன்றைக்குத்தான் வந்தவர், என்னைப் பார்த்ததில்லை.

"ஏ கிளீனர்" என்றார் என்னைப் பார்த்து. "என்னவே வேடிக்க பாக்கீரு? டிரம்ம உருட்டும். கை கழுவ தண்ணி இல்லாம கெடக்கு."

சுற்றி மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். நிச்சயத்தன்று ஆகா என்ற அதே சபை. கிரீஸ் முகத்தில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. நான் யார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பெண்ணின் அப்பா ஏன் இந்தக் கோலத்தில் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தேன். டிரம்மை உருட்டினேன்.

உருட்டிக்கொண்டு போய்ச் சமையல் கட்டில் எட்டிப் பார்த்தால், அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருக்கிறது. மூன்று அண்டாவிலும். தேங்காய்ப்பால் மணம் ஆளைத் தூக்குகிறது. பக்கத்தில் செல்வி, கல்யாணப் பெண், கரண்டியும் கையுமாக நிற்கிறாள்.

"ஏட்டி, எந்தத் தண்ணி இது?" என்றேன்.

"மண்டபத்துத் தொட்டித் தண்ணி. எட்டு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்பா."

"நான் வருவேன்னு சொன்னேம்லா?"

"நீங்க டாப் கியர்ல வருவீய. அதான் ஆரம்பிக்கச் சொன்னேன்" என்றாள்.

என் வீட்டுக்காரி பின்னால் நின்று வேறு சட்டை ஒன்றை நீட்டினாள். கையோடு கொண்டு வந்திருக்கிறாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பந்தி நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இதுதாம்யா ஆத்துத் தண்ணி" என்றார். "என்னதான் சொல்லுங்க, நம்ம ஊர்த் தண்ணிக்கு இந்த ருசி வருமா? சொன்னா சொன்னபடி செஞ்சிட்டீரே வே."

இலைக்கு இலை அதே பேச்சு. தாமிரபரணியின் இனிப்பு நாக்கில் நிற்கிறதாம். ஒருத்தர் மூலிகை வாசம் தெரிகிறது என்றார். நான் என்ன செய்ய? "ஆமா, பின்ன" என்றேன். அந்த நேரத்தில் விருந்தாளிகள் அத்தனை பேரும் வாசலில் இருந்த நீல டிரம்மில் தாமிரபரணியை மொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இலை போட்டதும் கோமதி டீச்சரே வாளியோடு வந்தார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னும் கொஞ்சம் தாமிரபரணி ஊத்தட்டுமா அண்ணாச்சி?" என்றார். ஊற்றச் சொன்னேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த ரகசியத்தை அவர் வெளியே விடவில்லை. சொதி நல்ல பெயரோடு முடிந்தது, செல்வியும் நல்ல பெயரோடு அந்த வீட்டுக்குள் போனாள். எனக்கு அது போதும்.

இப்போது நான் மேட்டில் இரண்டாவது கியர் போடுகிறேன். சத்தம் அதற்குப் பிறகு வரவில்லை. பெட்ரோலும் நான் பயந்த அளவுக்குக் குடிக்கவில்லை, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கிறது என்பது துரைப்பாண்டியின் கணக்கு. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் முறையில் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்க வேண்டும். யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் சொதியின் ரகசியத்தைக் காப்பாற்றிய டீச்சர், அந்த மேஸ்திரி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை. வண்ணார்பேட்டையில் நான் முதலாளி. வள்ளியூரில் நான் கிளீனர். கோமதி டீச்சரின் கிளீனர். அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், பந்தி முடிந்து நான் கிளம்புகிற நேரத்தில், வாசலில் நிற்கிற டிரைவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒன்றைப் பெரியப்பா தன் கையாலேயே எடுத்து வந்து, "கிளீனருக்கு ஒண்ணு" என்று என் கையில் வைப்பார். மண்டபமே சிரிக்கும். சம்பந்தி கூடச் சிரிப்பார், அவர் வாயைத் திறப்பதே அதற்குத்தான்.

நான் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறேன். பாத்திரத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன், எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. டிரைவர் பொட்டலத்தில் ஒரு வடை வைப்பார்கள். என் பொட்டலத்தில் எப்போதும் இரண்டு இருக்கும்.